எங்கள் வாடகை வீட்டின் படம்

கம்பெனியை விருத்தாசலத்துக்கு இழுத்து வந்தவள் நான்தான். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அதுவரை சென்னை பெருங்குடியில், நாலு பேர் அடைந்து கிடக்கும் ஓர் அறைக்குச் சம்பளத்தில் பாதியை அழுதுகொண்டிருந்தேன். வாடகை கட்டி மாளாமல், உடன் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சின்ன ஊர் எதிலாவது கிளை போடலாமா என்று மேனேஜர் நந்தகுமார் கேட்டதுதான் தாமதம், எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். ரயில் ஜங்ஷன் இருக்கிறது, பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் கட்டடம் கிடைக்கும், வீட்டு வாடகையோ கொள்ளை மலிவு. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டையே படமெடுத்து, வாடகையையும் அடியில் போட்டு மீட்டிங்கில் காட்டினேன். எங்கள் வீடு என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், தெரிந்தவர்கள் வீடு என்று சொல்லிவைத்தேன்.

அந்த வீடு மங்கலம்பேட்டை முகம்மது கனி அண்ணனுடையது. அவர் குவைத்தில் இருக்கிறார். வரவு செலவெல்லாம் அவர் மனைவி சாதிகா அக்கா கையில். நாங்கள் குடிவந்ததிலிருந்து ஒப்பந்தம், பத்திரம் எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான். ரிட்டயரான பஸ் கண்டக்டரான என் அப்பா கோவிந்தராசு, ஆபீஸ் திறந்த அன்று அந்த அக்கா வீட்டுக்கே லட்டு கொண்டுபோய்க் கொடுத்தார். என் பொண்ணு கொண்டாந்த ஆபீஸு என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிப் பூரித்தார்.

மாற்றல் வாங்கிக்கொண்டு, பெட்டியோடு ஜங்ஷனில் இறங்கிய நேரம் நந்தகுமார் போன் செய்தார்.

"கெஸ்ட் ஹவுஸ் அமைஞ்சிடுச்சு சிவசங்கரி. புரோக்கர்கிட்ட நீங்க காட்டின படத்தையே கொடுத்தோம். அதே வீடு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் வீடு என்றேன். அவரும் அதிர்ந்துபோனார். ஆனால் அட்வான்ஸ் கைமாறிவிட்டது, தலைமை ஆபீஸ் கையெழுத்தும் போட்டாயிற்று என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டே மங்கலம்பேட்டை பஸ் ஏறினேன்.

சாதிகா அக்கா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. குவைத்தில் வேலை போய் வீட்டுக்காரர் திரும்பி வருகிறார், கடைசி மகள் காலேஜில் இருக்கிறாள் என்று தரையைப் பார்த்தே சொன்னார். நான் விடவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று கேட்டுவிட்டேன்.

"எங்க வூடு என்ன வாடகைக்குப் போவும்னு எனக்குத் தெரியாமத்தான் இருந்திச்சு, சங்கரி. உங்க ஆபீஸுக்காரங்க வந்துதான சொன்னாங்க" என்றார்.

திட்டுவதற்கு என்னைத் தவிர ஆளே இல்லை.

அப்பாவோடு வீடு தேடிக் கிளம்பினேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, பொண்ணு எங்கே வேலை பார்க்குது என்பதுதான். ஆபீஸ் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வாடகை இரண்டு பங்காகும். பெருங்குடியில் இருந்த வீட்டுக்காரர்களே மேல் என்று தோன்றியது. அம்மா, இந்த ஊரே வேண்டாம், திட்டக்குடிப் பக்கம் போய்விடலாம் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி என்பவரின் ஓட்டு வீடு காலியாக இருந்தது. அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"வேலைக்கெல்லாம் போவலீங்க. படிச்சிட்டு வூட்டுலதான் சும்மா இருக்குது."

அவர் பாவம் பார்த்து, ஆபீஸ் வருவதற்கு முன்பிருந்த வாடகைக்கே சாவியைக் கொடுத்தார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.