ஒரு கைப்பிடித் தழை

காசிநாதனுக்கு எதிலும் அளவு கிடையாது. கரும்புக்கு ஒரு மூட்டை யூரியா போதும் என்று கடைக்காரர் சொன்னால், இரண்டு மூட்டை கொட்டிவிட்டு வருகிற ஆள். பெண்டாட்டி இருந்தவரை கத்திக் கத்தியாவது தடுத்தாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கச்சிராயபாளையத்து வீட்டில் இப்போது அவரை ஏனென்று கேட்க நாதியில்லை.

சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணை எப்போதோ முடித்துவிட்டது. இடது கண்ணின் விழித்திரையில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. அதை வைத்துத்தான் பொங்கலுக்கு வரும் மகளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே இல்லை.

மகள் எழில்மதி சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனிலேயே குதித்தாள். "அப்பா, நம்ம மலைத் தழை ஒண்ணுல எடுத்த சத்து, கண்ணு செல்லைச் சாவாம காப்பாத்துதுப்பா!"

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல் அது, மனிதக் கண் இல்லை என்றும் சொன்னாள்தான். அவர் எங்கே காதில் வாங்கினார்? தழையின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, மறுநாளே டவுன் பஸ் பிடித்து மலையடிவாரத்தில் மூலிகை விற்கும் அம்மாசியிடம் போய் நின்றார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு இலைக்கு மேல வாணாங்க," என்றார் அம்மாசி.

காசிநாதன் தினமும் ஒரு கைப்பிடி அரைத்துக் குடித்தார். கசப்பு குடலைப் புரட்டியது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அதுவே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது, பாவம்.

கார்த்திகையில் சுவர்க் காலண்டரின் தேதி மங்கியது. மார்கழியில் காலண்டரே தெரியவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் எழில்மதி கூப்பிட்டாள். "எல்லாம் அளவுலதான்பா இருக்குது. கம்மியா குடுத்தா செல்லு பொழைக்குது. ஜாஸ்தியா குடுத்த தட்டுல அத்தனையும் செத்துப்போச்சு. நீ எதுனா தின்னுக்கினு கீறியா?"

உண்மையைச் சொன்னால் மகள் ஆயுசுக்கும் தன்னைத்தானே நொந்துகொள்வாள்.

"எனக்கு இன்னா பைத்தியமா? நான் ஏன் திங்கப் போறேன்!"

"அப்பாடா! இரு, வீடியோல வரேன். உன்னைப் பாத்து எவ்ளோ நாளாச்சு."

வேண்டாம் என்பதற்குள் மணி அடித்தது. தடவித் தடவி எடுத்தார். போனை முகத்துக்கு நேரே பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தார்.

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடறேன்பா," என்றாள் மகள். காசிநாதன் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

"அப்பா, நான் இங்க இருக்கேன். நீ எங்க பாத்துச் சிரிக்கிற?"