சாயங்காலத்தையும் எழுதிக்குங்க

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலை போய், பாதி நாள் வேலைதான் கிடைத்தது. மனுஷன் ஓடி ஒளியவில்லை. பிரிந்துபோன மனைவியிடம் நேரே வந்து, மகளுக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்தைக் குறைக்கக் கோர்ட்டில் கேட்கப்போவதாகச் சொன்னான். அவளுக்குச் சலவைக்கடையில் சாயங்கால வேலை. பணம் குறைந்தால், அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவுக்கு எதைக் கொடுப்பாள்? வேலையை விட வேண்டியதுதான் என்றாள்.

"அதுக்கு ஏன் முகம் தொங்கிப் போச்சு? மத்தியானத்துக்கு மேல நான் சும்மாதானே இருக்கேன். பாப்பாவை நான் பாத்துக்கறேன்," என்றான் அவன்.

மறுநாளிலிருந்தே சாயங்காலம் பாப்பா அவனிடம்தான். விசாரணை நாளன்று கோர்ட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குமாஸ்தா குழம்பிப்போனார்.

"என்னம்மா, சேந்துட்டீங்களா?"

"ஐயோ, அந்தத் தப்பைத் திரும்பப் பண்ணுவேனா சார்! பணம் குறைக்க எனக்குச் சம்மதம். ஆனா சாயங்காலம் பாப்பாவை அவர் பாத்துக்கறதையும் எழுதிக்குங்க. சாப்பாடு போடறதையும்."

மெக்கானிக் திரும்பினான். "என் சமையலை வாயில வைக்க முடியலைன்னவதானே நீ?"

"எனக்குத்தான் முடியல. உங்க பொண்ணு தட்டை வழிச்சுச் சாப்பிடறா."

சிரிக்கத்தான் நினைத்தாள், கண் நிறைந்துவிட்டது.

"கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வந்து சொன்னீங்களே," என்றாள். "நன்றிங்க."