மாஸ்டர் நிறுத்திவைத்த வகுப்பு

மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். "கிளட்ச்சை மிதிங்கம்மா, தடவிக் கொடுக்காதீங்க" என்பார். கற்றுக்கொள்ள வந்த பெரிய அதிகாரியையே, "சார், ரோடு உங்க ஆபீஸ் இல்ல, சிக்னலைப் பாருங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கியவர். பேசத் தயங்கியவர் என்று ஒருவரும் அவரைச் சொல்லிவிட முடியாது.

அந்த வாய்தான் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. தலைமை ஆசிரியை எழுந்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றியும், ஆண் பெண் உறவைப் பற்றியும், சின்ன வயதில் பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் வகுப்பு நடத்தப்போவதாகச் சொன்னார். அதற்கான காரணம் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் இங்கே படித்த ஒரு பெண் கர்ப்பமானாள். அவளைப் பரீட்சை எழுதவிட்டால் மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று இதே சங்கம் அடம்பிடித்து, இதே மாஸ்டர் எழுந்து பேசி, அவளை வாசலோடு நிறுத்தியது. பையன் யாரென்று சங்கம் கேட்கவே இல்லை. அவன் பாட்டுக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகிப் போய்விட்டான்.

மாஸ்டர் இந்தத் தடவையும் எழுந்தார்.

"தெரியாத பிள்ளைங்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்துக் கெடுத்துடாதீங்க டீச்சர். எதை எப்பச் சொல்லணும்னு பெத்தவங்க எங்களுக்குத் தெரியும். வீட்ல நாங்க சொல்லிக்கிறோம்."

கூடமே கைதட்டியது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஒரே மகளைத் தனியாக வளர்ப்பவர். "எனக்குச் சொல்ல வரலைங்க சார். ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சுப் பாத்துட்டேன், வாய் வரமாட்டேங்குது. டீச்சர் சொன்னா நல்லா இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு வாய் வரலைன்னா அதுக்கு எங்க பிள்ளைங்க என்னம்மா பண்ணும்?" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கடை அம்மா உட்கார்ந்துவிட்டார். வகுப்பும் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டரின் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வீட்ல சொல்லிக்கிறோம்னீங்களே, எப்பச் சொல்லப் போறீங்க?"

"அதெல்லாம் அம்மாக்காரி வேலை."

"கைதட்டு உங்களுக்கு, வேலை எனக்கா? பேசினவரே சொல்லுங்க."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரமே ஆரம்பித்தார். யாரிடம்? ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகளிடம். கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்து, மின்விசிறியைப் பார்த்து, சன்னலைப் பார்த்து, கடைசியில், "பசங்ககூட ரொம்பப் பேச்சு வச்சுக்காத" என்றார்.

"ஏம்ப்பா?"

"ஏன்னா ஏன்தான்."

பாடம் முடிந்தது. அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. சரக்கு இல்லாத குறைக்குச் சட்டம் போட்டார். மகளின் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். டியூஷனுக்குத் தானே கொண்டுபோய் விட்டார். அவள் தோழிகளின் அண்ணன் தம்பிகளை எல்லாம் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"அவன் ஆம்பளப் பையன். அவனுக்கு என்ன வந்துச்சு?"

இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனை விட்டுவிட்டு, ஓரமாக நடந்துபோகிறவளுக்கு மட்டும் பாடம் எடுத்த டிரைவிங் மாஸ்டர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மகன் கடைசி வகுப்பில் இருந்தான். சாதுவான பிள்ளை. நேரத்துக்கு வருவான், கேட்டதை வாங்கி வருவான். அதனாலேயே அவன் முகம் இரண்டு மூன்று வாரமாக வாடிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வாசலில் காரின் உட்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவன் வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"அப்பா, கண்ணாடிக்கடை ஆண்ட்டி பொண்ணு இருக்கால்ல."

"ஆமா, உன் கிளாஸ்தானே. அவளுக்கென்ன?"

அவன் சொன்னான். ஆரம்பத்தில் மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் துடைத்த துணியை வீசி எறிந்தார். கை தானாக ஓங்கியது. காருக்குள் அடிக்க இடம் போதாமல் கண்ணாடியில் இடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

"அறிவில்லையாடா உனக்கு? இவ்வளவு வளர்ந்திருக்க, இதுகூடவா தெரியாது?"

"தெரியலப்பா. ஒரு தடவைல எல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு பசங்க சொன்னாங்க. நானும் நம்பிட்டேன், அவளும் நம்பிட்டா."

"எவனாவது சொன்னா நம்பிடுவியா? ஸ்கூல்ல பின்ன என்னத்தடா சொல்லிக் குடுக்கறாங்க?"

கேட்ட வாய் கேட்டபடியே நின்றது. மகன் பதிலுக்குக் குத்திக்காட்டியிருந்தால், திமிரா என்று ஒரு அறை விட்டு மாஸ்டர் ஆறியிருப்பார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன்மேல் வந்தது, அந்தப் பெண்மேல் வந்தது, யார் பெற்றதோ தெரியாத அந்தப் பசங்கள்மேல் வந்தது. தன்மேல் வந்ததைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மகளை வீட்டில் விட்டுவிட்டு மாஸ்டரும் மனைவியும் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக்கடைக்குப் பின்னாலேயே வீடு. சண்டைக்குத் தயாராகத்தான் மாஸ்டர் போனார். அங்கே சண்டை போட ஆள் இல்லை. அந்த அம்மா கதவைத் திறந்து, மேசைமேல் கழற்றிப் போட்டிருந்த ஃபிரேம்களை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளை இழுத்துப் போட்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இனிமே என்ன செய்யறதுன்னு அவளும் நானும் டாக்டரும் பேசி முடிவெடுத்துக்கறோம். அதுல நீங்க யாரும் தலையிட வேணாம்" என்றார்.

"செலவு எதுவா இருந்தாலும்..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். மனைவி அவர் கையை அழுத்தினாள். அவர் பேச்சு பாதியில் நிற்பது அவருக்கே புதிதாக இருந்தது.

உள்ளறையிலிருந்து பெண் வந்தாள். சின்னப் பெண். இவ்வளவு சின்னப் பெண்ணென்று மாஸ்டர் நினைத்திருக்கவில்லை. தன் மகளைவிட ஒரு விரற்கடைதான் உயரம். கையில் கணக்குப் புத்தகம், படித்த பக்கம் மூடிவிடாமல் நடுவே விரலை வைத்திருந்தாள். மாஸ்டரின் மகனை அவள் பார்க்கவில்லை. நேரே மாஸ்டரிடம் வந்தாள்.

"அங்கிள், சங்கத்துல நீங்க சொன்னா கேப்பாங்கல்ல?"

"என்னம்மா சொல்லணும்?"

"என்னைப் பரீட்சை எழுத விடச் சொல்லணும். அவனை யாரும் நிறுத்த மாட்டாங்க, என்னைத்தான் நிறுத்துவாங்க. நான் நல்லாப் படிப்பேன் அங்கிள். அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் போன வருடம் வாசலோடு போன பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"சொல்றேம்மா" என்றார். "கண்டிப்பாச் சொல்றேன். ஒரு பொண்ணு விஷயத்துல இப்படி ஆயிடுச்சு, படிப்பைக் கெடுக்க வேணாம்னு பொதுவா எடுத்துச் சொல்றேன். பேரெல்லாம் வெளியில வராமப் பாத்துக்கறேன்."

பெண் தலையை ஆட்டி மறுத்தாள்.

"என் பேரு நாளைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிடும் அங்கிள். சொல்லும்போது உங்க பையன் பேரையும் சேத்துச் சொல்லுங்க. அப்பதான் கேப்பாங்க."

மாஸ்டர் மகனைப் பார்த்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியென்று தலையாட்டினான். மனைவியைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். மாஸ்டருக்குத்தான் தலை அசையவில்லை. பெண் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.