பதினோரு நாள் கழித்து வரும் உதை

எய்லிஃப் பிரென்மோ சுட்டால் குண்டு அந்த நொடியே போய்ச் சேரும். துப்பாக்கியின் உதை அவர் தோளுக்கு வந்து சேரப் பதினோரு நாள் ஆகும். ஸ்வார்ட்டோஸ் ஊரில் இது உருளைக்கிழங்கு எப்போது முளைவிடும் என்பது போல எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆரம்பத்தில் அந்தத் துப்பாக்கி மற்ற துப்பாக்கிகளைப் போலத்தான் இருந்தது. குதிரை உயரம் நிற்கும் எல்க் மானை ஒரே குண்டில் சாய்க்கும். சாய்த்த கையோடு சுட்டவரையும் சாய்க்கும். மூன்று வருடம் எய்லிஃபின் தோள் நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான்காம் வருடம், உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பித்தார். அந்த இலையுதிர் காலத்தில் அவர் வீழ்த்தியது ஒரே ஒரு பூர்ச்ச மரம். வேட்டைக் குழுவின் தலைவர் கோரே அதை வருடக்கணக்கில் சொல்லிக் காட்டினார். "மரத்த உரிச்சுட்டியாடா? கறியில எனக்கும் ஒரு பங்கு எடுத்து வை."

ரோஷம் வந்தது. எய்லிஃப் துப்பாக்கிக் கட்டையின் பின்னால் ரப்பர் மெத்தை வைத்தார். உதை குறையவில்லை, கால் மணி நேரம் தாமதித்து, அவர் காப்பியை வாய்க்குக் கொண்டுபோகும்போது வந்தது. கட்டையைக் குடைந்து ஈயம் ஊற்றினார். உதை மறுநாள் வந்தது. பக்கத்து நகரத்துக் கொல்லரிடம் கொடுத்துக் குழல் முனையில் புகை பக்கவாட்டில் பிரியும்படி துளை போட்ட இரும்பு மூடி மாட்டினார். அன்றிலிருந்து பதினோரு நாள், அரை மணி முன்னே பின்னே. உதையின் பலத்தில் மட்டும் ஒரு குன்றிமணி குறைவில்லை. ஆனால் சுடும் நேரத்தில் வலி இல்லாததால் கண் திறந்தே இருந்தது. குழுவிலேயே அவர் கைதான் குறி தப்பாத கை என்று பெயர் வந்தது.

சங்கடங்கள் இருந்தன. வேட்டைக்கு முன் ஒவ்வொரு கோடையிலும் முப்பது குண்டு பழகி, ஐந்து குண்டு தேர்வில் சுட வேண்டும் என்பது சட்டம். ஒரு வருடம் அந்த முப்பத்தைந்தும் மச்சானின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், மீன் சூப் பரிமாறிய நேரத்தில் வந்து சேர்ந்தன. "சுட்டது நீங்க, அடி வாங்குறது என் பீங்கானா?" என்று கேட்டாள் அவர் மனைவி குன்வோர். அதற்குப் பிறகு உதை வர வேண்டிய நாட்களை நாட்காட்டியில் அவள் வட்டமிட்டு வைப்பாள். அவர் வைக்கோல் கட்டுகளில் முதுகைச் சாய்த்து, வானொலி கேட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

அவர்கள் மகள் தூரிட்டுக்கு ஒன்பது வருடம் காத்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையைத் தன் அப்பாதான் ஏந்தி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அக்டோபரில் ஒரு ஞாயிறு, காலை பதினோரு மணி என்று குறித்தார்கள். பாதிரியாருக்கு மூன்று ஆலயங்கள். இங்கே மாதம் ஒருமுறைதான் வருவார். குன்வோர் பதினோரு நாள் பின்னால் எண்ணி, ஒரு புதன்கிழமையைச் சிவப்பு மையில் அடித்தாள். அன்று சுடக் கூடாது. எய்லிஃபும் வாக்குக் கொடுத்தார். ஆனால் குழுவில் ஆள் குறைவு, சும்மா உட்கார்ந்து மானைத் திருப்பிவிட்டால் போதும் என்று கோரே கெஞ்சியதால், பழக்க தோஷத்தில் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு அந்தப் புதனன்று சதுப்பு ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

பதினொன்றே கால் மணிக்குக் கோரேயின் குண்டு ஒரு மானின் பின்னங்காலில் பட்டது. அது நொண்டிக்கொண்டு நேராக எய்லிஃபிடம் வந்து, நாற்பது அடி தூரத்தில் நின்று மூச்சு வாங்கியது. வேறு யாரும் அருகில் இல்லை. போகவிட்டால் சதுப்பில் கிடந்து மூன்று நாள் சாகும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தையின் தலையை நினைத்தார். ஒரு கைக்குள் அடங்கும் தலை. இந்த மானைப் போகவிட்ட கையால் அதைத் தொடக் கூசும் என்றும் நினைத்தார். பிறகு கண்ணைத் திறந்தபடியே சுட்டார். மான் சத்தமில்லாமல் படுத்தது. தோளில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வீட்டில் தூரிட் திட்டவில்லை. "பரவால்லப்பா. என் வீட்டுக்காரரோட தம்பி தூக்கட்டும்," என்றாள். எய்லிஃப் சரி என்று சொல்லிவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போய், பிளந்து முடித்த விறகையே மறுபடி பிளந்தார். அங்கேதான் கோரே வந்தார்.

"தப்பு என்னோடதுடா. நான் ஒழுங்கா சுட்டிருந்தா உனக்கு இந்த வேலை வந்திருக்காது."

"வந்தாச்சு. விடு."

"கட்டையில ஈயம் எதுக்கு ஊத்துன? கனமா இருந்தா உதை குறையும்னுதானே?"

"குறையலையே. தள்ளித்தானே போச்சு."

"துப்பாக்கிக்குக் கனம் சேர்த்த. வாங்குற ஆளுக்குச் சேர்க்கலையே. நாங்க எட்டு பேர் இருக்கோம், எல்லாரும் நல்லா சாப்பிடுறவங்கதான்."

தூரிட் இதைக் கேட்டு, அந்த எட்டுப் பேரையும் விரல் விட்டு எண்ணினாள். கடைசியில், "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்கப்பா," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறன்று எய்லிஃப் தண்ணீர்த் தொட்டியருகே குழந்தையை இடப்பக்கமாக அணைத்து நின்றார். அவர் வலத் தோளில் குன்வோரின் இரண்டு உள்ளங்கைகள். அவள் பின்னால் வேட்டைக் குழு முழுவதும், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, நடைபாதை நெடுக. கடைசியில், வாசல் கதவில் முதுகு படக் கோரே. பாதிரியார் விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார். குளிர் வரும், கதவைச் சாத்தி வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். முதல் கைத் தண்ணீர் ஊற்றினார், இரண்டாவது ஊற்றினார், அப்போது வந்தது. எய்லிஃபின் தோள் ஒரு விரற்கடை பின்னால் போனது. குன்வோர் "ம்" என்றாள். உதை ஒவ்வொருவராகக் கடந்து போவதை, கோதுமை வயலில் காற்று போவதைப் பார்ப்பதுபோல் சபையார் திரும்பிப் பார்த்தார்கள். கோரே முதுகாலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். குழந்தை கண்ணைத் திறந்து தாத்தாவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாவது கைத் தண்ணீரில் அதற்கு யோருன் என்று பெயரிட்டார்கள். எய்லிஃப் அழுதார், கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்.

அந்தத் துப்பாக்கி எப்போதோ துருப்பிடித்துவிட்டது. எய்லிஃபும் இப்போது இல்லை. ஸ்வார்ட்டோஸில் இன்றைக்கும் குழந்தையை ஏந்தி நிற்பவருக்குப் பின்னால் ஊர் வரிசையாகத் தோளில் கை வைத்து நிற்கிறது. கதவை மட்டும் இப்போது சாத்துவதில்லை; கடைசியில் நிற்பவருக்காகப் படிக்கட்டில் ஒரு மான் தோல் விரித்திருக்கும்.