ஆன்சி சொன்னது அதுவல்ல

பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதாமல் போனதால் ஆன்சிக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. நாக்கும் அப்படித்தான். பேசுவாள்; ஆனால் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுபட்டு வரும். முப்பத்தொரு வயதாகியும் அவள் பேச்சு முழுதாகப் புரிந்தவர் காலடிப்பேட்டையில் ஒருவர்தான், அவளுடைய அம்மா அடைக்கலமேரி. டாக்டரிடமும் ரேஷன் கடையிலும் கோயிலில் ஃபாதரிடமும் ஆன்சி பேச, அம்மா எடுத்துச் சொல்வாள்.

எடுத்துச் சொல்லும்போது பதமாக்கிவிடுவாள். "ரெண்டு மணி நேரமா ஒக்கார வச்சிகினு கீறீங்களே, இன்னா நெனச்சிகினு கீறீங்க?" என்று ஆன்சி கேட்டால், "பாப்பாவுக்கு முதுகு வலிக்குதாம் டாக்டர்" என்று போய்ச் சேரும். ஆன்சிக்குச் சின்ன வயதிலிருந்தே இது தெரியும். எதிர்த்துச் சொல்லலாம்தான். ஆனால் அதையும் அம்மாதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மெயின் ரோட்டுக் கிளை நூலகத்தில் உமைமா அவளைப் பார்த்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண், இன்ஜினியரிங் கடைசி வருஷம். பேச்சு தெளிவில்லாதவர்களின் குரலைப் போனுக்குப் பழக்குவது அவளுடைய ப்ராஜெக்ட். ஆன்சி நிறைய வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். போன் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகும். பிறகு அவள் சொல்வதை எழுத்தாக்கி, தெளிவான குரலில் வாசிக்கும்.

முதல் நாள் உமைமா ஒரு தாளை நீட்டினாள். "அக்கா, 'தயவுசெய்து எனக்கு உதவுங்கள்.' இத பத்து வாட்டி சொல்லுங்க."

ஆன்சி வேறு ஏதோ சொன்னாள்.

"தண்ணி வேணுமாம்" என்றாள் அடைக்கலமேரி.

"இல்ல ஆன்ட்டி, இவ்ளோ நீளமா சொன்னாங்களே."

அடைக்கலமேரி தயங்கினாள். "நான் என்னிக்கி இப்டி பேசினேன், இத எதுக்கு அதுக்குச் சொல்லித் தரணும்னு கேக்கறாம்மா."

உமைமா சிரித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். "அப்போ நீங்க பேசற மாதிரியே சொல்லுங்கக்கா."

ஐந்து மாதம் ஆனது. 'இன்னா', 'கீது', 'வுடு' எல்லாம் போனுக்குப் பழகின. ஒரு நாள் "ஃபேன நிறுத்து" என்று ஆன்சி சொன்னதும், உமைமா போனோடு இணைத்து வைத்திருந்த ஃபேன் நின்றது. அடைக்கலமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். வியர்த்து வழிய வழிய ஆன்சி அதைப் பதினைந்து தடவை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் சந்து வழியை அடைத்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலை குறுக்கே சுவர் எழுப்பி, நடுவில் ஒரு ஆள் மட்டும் தள்ளிக்கொண்டு நுழையும் சுழல் கேட்டை வைத்தது. பைக் வருகிறது, திருட்டு நடக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நடப்பவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆன்சியின் பேட்டரி வீல்சேர் நுழையாது. நூலகத்துக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ போக வேண்டுமென்றால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஒருமுறை சுற்றினாள். ஒரு டிரெய்லரின் பின்சக்கரம் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

தெருக்காரர்கள் சண்டை போட்டதில், தொழிற்சாலை மேனேஜர் ஒரு சனிக்கிழமை காலை கேன்டீனில் கூட்டம் வைத்தார். ஆன்சி கையைத் தூக்கினாள். பேசினாள். மேனேஜர் அவளைப் பார்க்காமல் அவள் அம்மாவைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கன்னு சொல்றா சார்" என்றாள் அடைக்கலமேரி.

ஆன்சி வீல்சேரின் கைப்பிடியில் மாட்டியிருந்த போனைப் பார்த்துப் பேசினாள். ஒரு நொடி கழித்து ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. "நான் அப்டி சொல்லல. அம்மா, நீ சும்மா இரு."

அடைக்கலமேரியின் முகம் சிவந்துவிட்டது.

"நாப்பது வருசமா எல்லாரும் நடந்த வழி இது. என்ன மட்டும் லாரிக்கு அடியில வுட்டுட்டீங்க. உங்க செருப்ப எடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் எழுந்துவிட்டார். "என்ன பேச்சு இது? மரியாதையா பேசச் சொல்லுங்கம்மா."

ஆன்சி தலையை ஆட்டி மறுபடி சொன்னாள். போன் மறுபடியும் செருப்பு என்றே சொன்னது. இப்போது தெருவே சிரித்தது. ஆன்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் முறை இன்னும் நீளமாகச் சொன்னாள். கோபத்தில் குழறி வந்ததைப் போனால் பிடிக்க முடியவில்லை.

அடைக்கலமேரி எழுந்து நின்றாள். "செவுரு சார். செருப்பு இல்ல. செவுத்த எடுன்றா. எடுக்கலன்னா இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியும்ன்றா. அவ சொன்னத அப்டியே சொல்றேன். ஒரு எழுத்து மாத்தல."

"மிரட்டுறீங்களா?" என்றார் மேனேஜர்.

ஆன்சி ஒரே வார்த்தை சொன்னாள். இந்த முறை போன் தப்பு செய்யவில்லை.

"ஆமா."

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள். பிறகு சொன்னாள், "உன் மேல யாரும் கை நீட்டிடக் கூடாதுன்னுதான்டி மாத்தி மாத்திச் சொன்னேன்."

"தெரியும். இனிமே வாணாம்" என்றது போன். ஆன்சி அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. வண்டியை மட்டும் அவள் நடைக்கு ஏற்ப மெதுவாக விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறி, தொழிற்சாலை ஆட்கள் அந்த வழியே வந்துபோகும் நேரத்தில் ஆன்சி வண்டியைச் சுழல் கேட்டின் வாயில் கொண்டுபோய்ச் செருகி நிறுத்தினாள். நுழைய முடியாத வண்டியால் அடைக்க முடியும். இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். சிலர் திட்டினார்கள். செக்யூரிட்டி ஜெபசிங் ஓடிவந்து, "தள்ளும்மா, என் வேலை போயிடும்" என்றார்.

"உன் மேல கோவம் இல்லண்ணே. மேனேஜர கூப்டு" என்றது போன்.

வண்டியைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். பட்டன் தைக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அடைக்கலமேரி, சக்கரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. தினமும் காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் திட்டியவர்களில் இரண்டு பேர் டீ வாங்கி வந்து பக்கத்தில் நின்றார்கள்.

ஐந்தாம் நாள் வெல்டர் வந்தான். சுவரில் நான்கடி அகலத்துக்கு இடித்து ஒரு கதவு வைத்தார்கள். கதவுக்கு ஒரு பூட்டு. மேனேஜரே வந்து சொன்னார்: "உங்களுக்காக ஸ்பெஷலா வச்சிருக்கோம். வரும்போது ஜெபசிங்குக்கு போன் பண்ணுங்க, திறந்து விடுவாரு."

தெருக்காரர்கள் கைதட்டினார்கள். ஆன்சி பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும்னா வாணாம்" என்றது போன். "நான் வெளிய போறதுக்கு யாரயும் கூப்பிட மாட்டேன்."

"கெடச்சத வாங்கிக்கோயேன்மா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மேனேஜர் அடைக்கலமேரியைப் பார்த்தார்.

"என்ன ஏன் சார் பாக்கறீங்க? அவதான் பேசறா."

ஆன்சி வண்டியைத் திருப்பி மறுபடியும் சுழல் கேட்டில் செருகினாள்.

இன்னும் நான்கு நாள் ஆனது. பத்தாம் நாள் காலை அவள் வந்தபோது பூட்டு இல்லை. கதவு திறந்து கிடந்தது. அவளுக்கு முன்னால் ஒரு ஆள் கேஸ் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியே போய்க்கொண்டிருந்தான். எதிரே ஒருத்தி இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக வந்தாள். ஆன்சி வண்டியை ஓரமாக நிறுத்தி அவர்களுக்கு வழி விட்டாள். பிறகு, யாரையும் கூப்பிடாமல், அந்தப் பக்கம் போனாள்.