குலசேகரம் கவிழ்த்துவைத்த சீட்டுகள்

1

இதைக் கதையாக எழுத நான் நினைக்கவில்லை. கலாவதி அக்கா கேட்டது ஒரு கல்வெட்டு. கணவர் குலசேகரத்தின் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் நினைவுப் புத்தகம். பாரிசின் லா ஷப்பலில் எங்கள் ஆட்கள் யாராவது இறந்தால் அதை எழுத என்னைத்தான் தேடுவார்கள். பிறந்த ஊர், தொழில், பிள்ளைகள் என்று தடங்கலில்லாமல் போகும் எழுத்து. இந்த முறை தொழிலில் நின்றுவிட்டேன்.

"வியாபாரி எண்டு போடுங்கோ, தம்பி."

மகள் கஜனி விடவில்லை. "மே நோன்! அப்பிடியில்லை, அம்மா! அப்பா போக்கர் சம்பியன்."

"சூதாடி எண்டு அச்சடிச்சுக் கோயிலடியிலை குடுக்கச் சொல்லுறியோ?"

2

முதல் தொடக்கம்: 'குலசேகரம் தொட்டால் சீட்டே நடுங்கும்…'

(பொய். நடுங்கியது அவருடைய கைதான். எதிரே இருப்பவர்கள் அதைப் பயமென்று நம்பி மாட்டிக்கொள்வார்கள்.)

இரண்டாவது: 'ஒபர்வில்லியே புறநகரின் கிடங்கொன்றில் பெட்டி தூக்கிய அகதி ஒருவர்…'

(உண்மை. ஆனால் நீங்கள் உடனே இரக்கப்படுவீர்கள். கிளிப்பச்சைக் கோட்டும் மஞ்சள் சப்பாத்துமாக ரூ பஜோல் தெருவில் நடந்த மனிதருக்கு அது பொருந்தாது.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

3

அவர் வார இறுதியிலும் கிடங்கில் வேலை செய்கிறார் என்றே அக்கா பல வருடம் நம்பியிருந்தார். ஒருநாள் சலூனில் காத்திருந்தபோது தொலைக்காட்சியில் கணவரைக் கண்டார். கிளிப்பச்சைக் கோட்டோடு போக்கர் போட்டியொன்றின் வெற்றிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார் அவர்.

"சண்டை பிடிச்சனீங்களோ, அக்கா?"

"இல்லைத் தம்பி. 'உந்தக் கோட்டை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?' எண்டு மட்டும் கேட்டன். தலையைக் குனிஞ்சுகொண்டு, காரின்ரை டிக்கிக்குள்ளை எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகுதான் அழுதனான்."

தொலைக்காட்சி வென்றதை மட்டுமே காட்டியது. அதற்கு முந்திய ஆண்டுகளில், வீட்டில் ஏன் தட்டுப்பாடு என்று தெரியாமலே பிறர் வீடுகளைத் துடைக்கப் போனவர் அக்கா. 'சூதாடி' என்ற சொல் அவருக்குச் சுடுவது அதனால்தான்.

(இந்த இடத்தில் குலசேகரத்தின் பக்கத்தை எடுத்து ஒரு பத்தி எழுதினேன். சரிவரவில்லை. அழித்துவிட்டேன்.)

4

மருத்துவமனையில் இருந்தபோது அவர் மனைவிக்குப் போக்கர் கற்றுக்கொடுத்தார். பந்தயத்துக்குச் சீனிக்கட்டிகள். ஒரு மத்தியானம் சீட்டைக் கலைத்தபடியே சொன்னாராம்:

"நான் வெண்டால் கல்வெட்டிலை சூதாடி எண்டு போடவேணும். நீர் வெண்டால் உம்மடை விருப்பம்."

"உதென்ன கதை?"

"விளையாடும்."

அக்காவிடம் ஒரு சோடி ஏழுதான். வெல்லுகிற அளவுக்குப் பெரிய சீட்டில்லை. ஆனாலும் தன்னிடமிருந்த சீனிக்கட்டிகள் எல்லாவற்றையும் நடுவே தள்ளினார். குலசேகரம் தன் சீட்டைத் திரும்பப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இரண்டு சீட்டையும் காட்டாமலே கவிழ்த்து வைத்தார்; ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"நீர் வெண்டிட்டீர்."

அடுத்த கிழமை அவர் போய்விட்டார்.

5

ஒரு முடிவு: அவரிடம் ஏழுகளை வெல்லும் இரண்டு இராசா இருந்தன. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார். (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப மறுக்கிறேன்.)

இன்னொன்று: அவரிடம் ஒன்றுமே இல்லை. பெரிய ஆட்டக்காரர் தன் மனைவியிடம் நேர்மையாகத் தோற்றார். (இதுவும் அழகுதான்.)

அக்காவிடமே கேட்டேன்.

"திருப்பிப் பாக்கேல்லையோ?"

"இல்லை. கவிட்டு வைச்ச காட்ஸைத் திருப்பிப் பாக்கிறது மரியாதையில்லை எண்டு அவர்தானே சொல்லித் தந்தவர். மற்றக் காட்ஸோடை சேர்த்துக் கலைச்சுப்போட்டன்."

"அப்ப, வியாபாரி எண்டே போடட்டோ? நீங்கள்தானே வெண்டனீங்கள்."

அக்கா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தம்பி, அவர் எனக்காண்டி விட்டிருந்தால், அது நான் வெண்டதோ?" என்றார். "நீங்கள் எழுதுறனீங்கள்தானே. நீங்களே ஒண்டைப் போடுங்கோ."

என்னால் முடியவில்லை. அச்சகத்துக்கு நாளை கொடுக்கவேண்டும். இதுவரை படித்த உங்களுக்கு மூவரையும் தெரியும், நீங்களே நிரப்புங்கள்.

அமரர் குலசேகரம்.
தொழில்: