இரண்டு நிமிடம் பத்து விநாடி

கடைசிச் செய்தியும் முடிந்துவிட்டது. நிகழ்ச்சி முடிய இன்னும் ஐம்பது விநாடி பாக்கி. அதை நிரப்ப ரோவீனாவிடம் ஒரு வரிகூட இல்லை.

கல்லூரித் தொலைக்காட்சியின் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. செய்தி வாசிப்பவன் காதுக்குள் பேசுவதற்கென்று தயாரிப்பாளர் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி, "பேசு பிரென்ட், எதையாவது பேசு" என்றாள்.

பிரென்ட் ஹோல்கம் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "எங்க தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதாங்க. அவங்களுக்கு இது முதல் வாரம். வீட்ல பன்னிக்குத் தீனி வைக்கிற நேரம் வந்துடுச்சோ என்னவோ."

அதோடு நிறுத்திக்கொண்டான். எந்த விஷயம் என்றாலும் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசக்கூடியவன் அவன். மிச்ச நேரம் முழுவதும் காகிதங்களைத் தட்டித் தட்டி அடுக்கியபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டெல்பர்ன் ஊரில் கேபிள் இணைப்பு உள்ள வீடெல்லாம் அதைப் பார்த்தது. பதினாறு மைல் தள்ளி, பன்றிப் பண்ணை வைத்திருந்த ரோவீனாவின் வீடும் பார்த்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா தட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அம்மாதான் கேட்டாள்: "யாருடி அந்தப் பையன்?"

"யாருமில்ல. உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு."

மறுநாள் வகுப்பில் பேராசிரியை டைர்க்ஸ் கரும்பலகையில் ஐம்பது என்று எழுதி அடியில் ஒரு கோடு கிழித்தார். ஓமஹா நகரத் தொலைக்காட்சியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். அங்கே பழகிய கூரான பேச்சை இங்கே வந்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. "அம்பது செகண்ட் ஊருக்கே ஒருத்தனோட பல்லைக் காட்டியிருக்க ரோவீனா. பல் டாக்டர் விளம்பரத்துக்குக்கூட முப்பது செகண்ட்தான்." வகுப்பு சிரித்தது. பிரென்டும் சிரித்தான். டைர்க்ஸ் அவன் பக்கம் திரும்பினார். "நீ பண்ணது அசிங்கம். ஆனா அதுக்கு இடம் கொடுத்தது அவ."

ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு வியாழக்கிழமை தயாரிப்பாளர் பொறுப்பு. ரோவீனாவுக்கு இன்னும் மூன்று இருந்தன.

அந்த வாரம்தான் அவள் கடைசியிலிருந்து எண்ணப் பழகினாள். நிகழ்ச்சி இருபத்தெட்டு நிமிடம். விடைபெற பதினைந்து விநாடி வேண்டுமென்றால், இருபத்தேழு நாற்பத்தைந்தில் அது தொடங்கியாக வேண்டும். அதற்கு முந்திய செய்தி நாற்பது விநாடி என்றால், அது இருபத்தேழு ஐந்தில். இப்படியே பின்னோக்கிக் கழித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு செய்தியும் எப்போது தொடங்க வேண்டும் என்பது செய்திகளின் வரிசையைக் குறித்த வரிசைத்தாளின் ஓரத்தில் வந்துவிடும். அதைத் தாண்டித் தொடங்கினால் நிகழ்ச்சி நேரத்தை மீறிவிடும், முந்தித் தொடங்கினால் கடைசியில் நிரப்ப எதுவும் இருக்காது. கேட்பதற்குச் சுலபம்தான். கட்டுப்பாட்டு அறையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது மனக்கணக்காய்ச் செய்வதுதான் கஷ்டம். அப்பாவின் லாரியில் போகும்போதும் வரும்போதும், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதையும் தேவாலய அறிவிப்புத் தாளையும் உரக்கப் படித்துப் படித்து எண்ணினாள்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். பிரென்ட் ஒரு வரியை இரண்டு விநாடியில் வாசிப்பான். எழுதியது பிடிக்கவில்லை என்றால் இரண்டரை ஆகும். அவள் எழுதிய எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் இரண்டரையாகவே கணக்குப் போட்டாள்.

இரண்டாம் வாரம் அவள் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து அவள் மேசையில் எறிந்தான். "இதெல்லாம் வாக்கியமா, முள்வேலியா? வாய் வெக்கிற இடத்துல எல்லாம் குத்துது."

"கமா வர்ற இடத்துல எல்லாம் நீ நின்னு மூச்சு வாங்கற. ஒரு நிகழ்ச்சிக்குப் பதினோரு செகண்ட் போகுது. அதைக் குறை, நான் வேலியைப் பிடுங்கறேன்."

"நீ எனக்கு வாசிக்கக் கத்துக் குடுக்கறியா?"

"யாராவது குடுக்கணுமில்ல."

அவள் அருகில் வந்தால் அவன் மூக்கைச் சுருக்கி நாற்காலியை நகர்த்துவான். வீட்டில் இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நகர்த்தியிருப்பான். அவளும் சும்மா இல்லை. நிகழ்ச்சி நடக்கும்போது தேவையே இல்லாமல் காதுக்குள் "வேகம், வேகம்" என்று குத்துவாள். அவன் கண்ணிமை துடிப்பதைத் திரையில் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. கேமராக்களை இயக்கச் சொல்லும் இயக்குநர் ஜோனி, "உங்க சண்டையைக் கதவுக்கு வெளியில வெச்சுக்குங்க. எனக்கு இங்க மூணு கேமரா இருக்கு, கண்ணு ரெண்டுதான்" என்று அலுத்துக்கொள்வாள்.

நான்காம் வியாழன், வசந்த விடுமுறைக்கு முந்தைய நாள். அன்றைய நிகழ்ச்சியில் பிரென்டே போய்ப் படம் பிடித்துத் தொகுத்த செய்தி ஒன்று இருந்தது. கவுண்டி, அதாவது மாவட்ட, மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடப் பார்க்கிறார்கள் என்பது விஷயம். வார இறுதிகளில் ஏற்கெனவே பூட்டிவிட்டிருந்தார்கள். ஆர்லீன் குபிக் என்ற விவசாயி வீட்டுப் பெண், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எழுபது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பனியில் நின்றுபோன லாரிக்குள் பிள்ளை பெற்றாள். அதைத்தான் கேமரா முன் சொல்லியிருந்தாள். பிரென்ட் மூன்று வாரம் அலைந்து எடுத்திருந்தான். ரோவீனா அதைக் காலையில் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நீளம் இரண்டு நிமிடம் பத்து விநாடி.

வார்டை மூடுவது பற்றித் திங்கட்கிழமை கவுண்டி சபை வாக்கெடுக்கப் போவது அவளுக்குத் தெரியும். சூ சிட்டி நகரத் தொலைக்காட்சி நிலையத்து வேலைக்கு, ஒளிபரப்பான நிகழ்ச்சியிலிருந்து எடுத்த டேப்பைத்தான் அனுப்ப வேண்டும், சனிக்கிழமை கடைசி நாள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் தெரியும்.

நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம் முன்னால், நெடுஞ்சாலையில் மாடு ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்தது. நிகழ்ச்சி தொடங்கியதும் நிருபர் தொலைபேசி வழியே ஒளிபரப்பில் வந்தாள், அவளுக்குப் பின்னால் காவல் அதிகாரியும் வந்தார். ரோடு முழுக்க மாடுகள், யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார். வெட்ட முடியாத செய்தி. அது முடிந்து ரோவீனா ஓரத்து எண்களைப் பார்த்தபோது, நிகழ்ச்சி இரண்டு நிமிடம் ஐந்து விநாடி கூடிப்போயிருந்தது.

"எதைத் தூக்கறது? சீக்கிரம் சொல்லு" என்றாள் ஜோனி.

ரோவீனாவின் மனக்கணக்கு இப்போது பிசகுவதில்லை. தீயணைப்புக்காரர்களின் பான்கேக் விருந்து, மல்யுத்தக் குழு, வானிலையின் இரண்டாம் பாதி, மூன்றையும் தூக்கினால் இரண்டு நிமிடம் பதினைந்து. பிரென்டின் செய்தியைத் தூக்கினால் இரண்டு நிமிடம் பத்து. இரண்டு வழியும் சரிதான். இரண்டும் ஒரே நொடியில் அவள் முன் வந்து நின்றன.

பொத்தானை அழுத்தினாள். "பிரென்ட், உன் செய்தி போச்சு. நேரா வானிலைக்குப் போ."

திரையில் அவன் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. பிறகு வானிலைக்குப் போனான். தடுமாற்றமில்லாமல், ஒரு வரி பிசகாமல், கடைசி வரை வாசித்தான். இருபத்தெட்டாவது நிமிடம் எண்கள் சரியாகச் சுழியத்தில் வந்து நின்றபோது அவன் "நன்றி, வணக்கம்" என்று முடித்திருந்தான். கட்டுப்பாட்டு அறையில் கைதட்டினார்கள். டைர்க்ஸ் கதவருகில் நின்றபடி, "இன்னைக்குத்தான் உன்னைத் தயாரிப்பாளர்னு சொல்லலாம்" என்றார்.

பிரென்ட் உள்ளே வந்தான். கையில் வரிசைத்தாள். "பான்கேக், மல்யுத்தம், வானிலை. சேர்த்தா ரெண்டே கால் நிமிஷம். அதை ஏன் தூக்கல?"

"அந்த நேரத்துல தோணல."

"பொய்."

டைர்க்ஸ் குறுக்கே வந்தார். "தயாரிப்பாளர் முடிவு பண்ணியாச்சு. ஒருத்தரோட செய்தி போறது இந்தத் தொழில்ல தினம் நடக்கறது. வீட்டுக்குப் போ."

அவன் வரிசைத்தாளை அவள் முன் போட்டுவிட்டுப் போனான். ரோவீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொண்டையில் இனித்தது.

செய்தி அறையில் தொலைபேசி அடித்தபோது அங்கே அவள் மட்டும்தான் இருந்தாள்.

"ஏம்மா, நான் ஆர்லீன் குபிக். எங்க கதை இன்னைக்கு வரும்னு அந்தத் தம்பி சொன்னாரே?"

"இல்லீங்க. மாட்டு லாரி கவிழ்ந்ததுல நேரம் பத்தல."

எதிர்முனையில் குழந்தை சிணுங்கியது. "பான்கேக் சுடறதுக்கு நேரம் இருந்துச்சேம்மா."

ரோவீனா வரிசைத்தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"கோபமா கேக்கல. திங்கக்கிழமை சபையில எனக்கு மூணு நிமிஷம் குடுத்திருக்காங்க. எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது, வாய் கட்டிப்போயிடும். அந்தத் தம்பி சமையல்கட்டுல உக்காந்து கேட்டப்பதான் எப்படியோ வந்துச்சு. அது டிவியில வந்துட்டா, எல்லாரும் பார்த்திருப்பாங்க, நான் எந்திரிச்சு நிக்க வேண்டியதில்லைன்னு நெனச்சேன். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சிருந்தேன். சரி விடும்மா." வைத்துவிட்டாள்.

இனித்த தொண்டை கசந்தது. பிரென்டுக்குத்தான் குழி வெட்டினோம் என்று நினைத்திருந்தாள். அதில் யார் விழுந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. டைர்க்ஸின் அறைக்குப் போய் இன்னொரு ஒளிபரப்பு கேட்டாள். விடுமுறையில் கேபிள்காரர்கள் கல்லூரிச் சேனலைத் திறக்கமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

பிரென்ட் வாகன நிறுத்தத்தில் காரில் ஏறிக்கொண்டிருந்தான். ரோவீனா ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள்.

"உன் டேப் வேணும்."

"கையை எடு."

"சபையில அந்தம்மாவுக்கு மூணு நிமிஷம் இருக்கு. ஒரு டிவியையும் டேப் ஓட்டற பெட்டியையும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிடலாம். முப்பது செகண்ட்ல அவங்க பேரைச் சொன்னாப் போதும், மிச்சத்தை டேப் பேசிடும்."

"காலையில இருந்த நேரம் சாயந்திரம் இல்லாமப் போச்சு. இப்ப மறுபடி வந்துடுச்சா?"

"வேணும்னேதான் தூக்கினேன்" என்றாள். "மூணையும் தூக்கியிருக்கலாம், தெரிஞ்சுது. நீ நல்லா எடுத்திருந்த. அதனாலயும்தான்."

அவன் நெற்றி நரம்பு புடைத்தது. "இதை டைர்க்ஸ்கிட்ட போய்ச் சொல்லு."

"சொல்றேன். திங்கக்கிழமை முடியட்டும்."

"என் டேப்பை நீ தொடக்கூடாது. நானே கொண்டுவர்றேன். உனக்காக இல்ல."

"எனக்காக எவன் கேட்டான்?"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஏழு உறுப்பினர்கள் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. ஒரு காவல் உதவியாளரின் தயவில் தொலைக்காட்சிப் பெட்டி மேலே வந்து சேர்ந்திருந்தது. சபைத் தலைவர் அதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன இது, சினிமாக் கொட்டகையா? யார் உங்களை உள்ள விட்டது?"

"குபிக் அம்மாவோட மூணு நிமிஷம் ஐயா. அவங்க இஷ்டம் போல பயன்படுத்தலாம்னு விதியில இருக்கு" என்றாள் ரோவீனா.

"விதியை எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

"இல்லீங்க. ஏற்கெனவே பத்து செகண்ட் போயிடுச்சு, அதைச் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் கையை ஆட்டினார். ஆர்லீன் குழந்தையோடு எழுந்து பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அதற்குமேல் வராமல் ரோவீனாவைத் திரும்பிப் பார்த்தாள். ரோவீனா பிரென்டைப் பார்த்து விரலைக் கீழே இறக்கினாள். அவன் டேப்பை ஓடவிட்டான்.

திரையில் ஆர்லீன் தன் சமையலறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுக்க உறைந்துபோனதை, புருஷன் கையுறையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றியதை, அழுகைச் சத்தம் வரும்வரை ரெண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்ததை. மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி மிச்சம் வைத்து டேப் நின்றது.

பதினைந்து நிமிடம் கழித்து வாக்கெடுத்தார்கள். மூடுவதற்கு ஐந்து பேர், வேண்டாம் என்று இரண்டு பேர்.

"வியாழக்கிழமையே ஊர் பார்த்திருந்தா இந்த அறை நிறைஞ்சிருக்கும்" என்றான் பிரென்ட். குரலை அவன் தாழ்த்தவில்லை. நிறைந்திருந்தாலும் அந்த ஐந்து வாக்கும் மாறாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று ரோவீனாவுக்குத் தெரியும். ஆர்லீன் போகிற போக்கில் இருவர் கையையும் தொட்டுவிட்டுப் போனாள். ரோவீனா அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டாள்.

விடுமுறை முடிந்ததும் டைர்க்ஸிடம் சொன்னாள். அவர் அந்த வாரத்து மதிப்பெண்ணைச் சுழியமாக்கினார். "கணக்கைத் தப்பாப் போட்டா திருத்தலாம்" என்றார். "சரியாப் போட்டுட்டு அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறவங்களை நான் ஓமஹாவுல நிறையப் பார்த்திருக்கேன்." பிரென்ட் சூ சிட்டிக்குப் பழைய டேப் ஒன்றை அனுப்பியிருந்தான், பதில் வரவில்லை. அந்த வருடம் முடியும்வரை அவர்கள் இருவரும் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை தொலைக்காட்சிப் பெட்டியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. காவல் உதவியாளர் சாப்பிடப் போய்விட்டார். ரோவீனா தனியாகப் பெட்டியைக் கட்டிப்பிடித்து முதல் படியில் காலை வைத்தாள். பிரென்ட் டேப்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு அவளைத் தாண்டி நான்கு படி இறங்கினான். நின்றான். திரும்பி ஏறி வந்தான்.

"உடைஞ்சா என் தலையில விழும். கையெழுத்துப் போட்டு எடுத்தது நான்" என்று சொல்லிக்கொண்டே கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான். "நீ மேல பிடி. என் மேல சாய்க்காத."

"நீ மொதல்ல நேராப் பிடி."

ஒவ்வொரு படிக்கும் ஒருவரை ஒருவர் திட்டியபடி இறங்கினார்கள்.